கல்லூரிக் கணினி ஆய்வகம்: மாணவரின் உரிமைகளும் பொறுப்புகளும், உள்ளே நுழைவது முதல் லாக் அவுட் வரை

ஆய்வகக் கணினியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது கணினிக்குத் தெரியாது. எந்தக் கணக்கு திறந்திருந்தது என்பது மட்டுமே அதில் பதிவாகும். மாணவரின் உரிமை, பொறுப்பு இரண்டும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. உங்கள் கணக்கில் நடந்தவை உங்கள் பெயரில் எழுதப்படும். உங்கள் வேலை காணாமல் போனாலும், உங்கள் மேல் புகார் வந்தாலும், பேசப்போவது அந்தப் பதிவுதான். ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். பெரும்பாலான சிக்கல்கள் சரியான வேலையைத் தவறான நேரத்தில் செய்வதால் வருகின்றன.

1. ஆய்வகத்துக்குப் போகும் முன்

அடையாள அட்டை, நோட்டு, பேனா, காலியான பென் டிரைவ் ஒன்று. பென் டிரைவில் சொந்தப் புகைப்படங்களோ சான்றிதழ் நகல்களோ இருக்க வேண்டாம். பலர் கைபடும் கணினியில் செருகப்போகும் பொருள் அது. தொலைந்துபோனாலும் வைரஸ் பிடித்தாலும் இழப்பு அன்றைய பாட வேலையோடு நிற்க வேண்டும்.

மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள், அந்தச் சேவை தரும் மாற்றுக் குறியீடுகளில் இரண்டை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைக்கும் ஆய்வகங்கள் உண்டு. உள்ளே போன பிறகு ஓடிபி கிடைக்காமல், கோப்பு மின்னஞ்சலில் இருந்தும் எடுக்க முடியாமல் தேர்வு நேரம் கழிந்துவிடும். குறியீட்டுத் தாளில் மின்னஞ்சல் முகவரியை எழுதாதீர்கள்.

2. விதிமுறையைப் படிப்பது

சேர்க்கையின்போது கையெழுத்து போட்ட ஆய்வக விதிமுறையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்டவருக்கு அதன் நகலைக் கேட்பது நியாயமான கோரிக்கை. முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினால் இரண்டாம் பக்கத்தில் அலுத்துவிடும். இவற்றை மட்டும் தேடிப் பிடியுங்கள்: பாட நேரம் அல்லாத மணிகளில் யார் பயன்படுத்தலாம், கோப்புகள் எத்தனை நாள் வைக்கப்படும், திரை கண்காணிக்கப்படுகிறதா, எதற்கெல்லாம் அபராதம், கணக்கை முடக்க யாருக்கு அதிகாரம், அதை எதிர்த்து யாரிடம் முறையிடலாம்.

கடைசி இரண்டும் முக்கியம். தடைகளைப் பத்து வரியில் எழுதிவிட்டு மேல்முறையீட்டைப் பற்றி எதுவும் சொல்லாத விதிமுறைகள் நிறைய. அப்படி இருந்தால், பிரச்சினை எதுவும் இல்லாத காலத்திலேயே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் அந்தக் கேள்வியே சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

3. கணக்கு கைக்கு வந்ததும்

முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. பதிவெண், பிறந்த தேதி போன்றவற்றை வைத்து முதல் கடவுச்சொல்லை அமைப்பது பரவலான வழக்கம். வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் மற்றவரின் பதிவெண் தெரியும். மாற்றுவதற்கு ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வாரமும் உங்கள் கணக்கு பொதுக் கணக்கு.

வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லாக இருக்கட்டும். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. தமிழ்த் தட்டச்சு நிறுவிய கணினிகளில் ஒரு சிக்கல் உண்டு: லாகின் திரையில் விசைப்பலகை மொழி தமிழில் நின்றுவிட்டால் நீங்கள் சரியாகத் தட்டினாலும் தவறு என்றே வரும். சில தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கு பூட்டிக்கொள்ளும். ஒருமுறை தவறு என்று வந்தவுடனேயே திரை ஓரத்தில் உள்ள மொழிக் குறியையும் கேப்ஸ் லாக் விளக்கையும் பாருங்கள்.

கடவுச்சொல்லை நண்பருக்கும் சொல்லக் கூடாது, ஆய்வக உதவியாளருக்கும் சொல்லத் தேவையில்லை. கணக்கில் கோளாறு என்றால் பழைய கடவுச்சொல் தெரியாமலேயே நிர்வாகியால் புதியதை அமைத்துத் தர முடியும். யாராவது கேட்டால், “புதுசா ரீசெட் செய்து கொடுங்கள் சார்” என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது.

4. இருக்கையில் உட்கார்ந்ததும், லாகின் செய்வதற்கு முன்

இந்த இரண்டு நிமிடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இங்கே தவிர்க்கக் கூடியவை.

கணினி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், உள்ளே போன பிறகு கட்டளைச் சாளரத்தில் ‘ஹோஸ்ட்நேம்’ என்ற ஆங்கிலக் கட்டளையை அடித்தால் பெயர் வரும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இது வேலை செய்யும்.

விசைப்பலகை, மவுஸ், மானிட்டர், கேபிள்கள் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள். உடைந்த விசை, விரிசல் விட்ட திரை, காணாமல் போன மவுஸ் எதுவாக இருந்தாலும் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லி, பதிவேட்டில் எழுதவும் சொல்லுங்கள். மணி அடித்த பிறகு சொன்னால், கடைசியாக உட்கார்ந்தவர் நீங்கள்தான்.

விசைப்பலகைக் கம்பி சிபியுவில் சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கூடுதல் துண்டு ஏதாவது செருகப்பட்டிருக்கிறதா பாருங்கள். தட்டும் விசைகளைப் பதிவுசெய்யும் கருவி அப்படித்தான் இருக்கும். சாதாரண இணைப்பானாகவும் இருக்கலாம். நீங்களே பிடுங்க வேண்டாம், உதவியாளரைக் கூப்பிடுங்கள். பிடுங்கிய கையோடு நின்றால் அதை வைத்தவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

கணினியில் வேறொருவரின் கணக்கு பூட்டிய நிலையில் இருந்தால் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அவர் சேமிக்காத வேலை போய்விடும். உதவியாளர் முடிவு செய்யட்டும். யாருமே இல்லை என்று உறுதியானால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது. முந்தையவர் லாகின் திரை போலவே ஒரு போலித் திரையை ஓடவிட்டிருந்தாலும் அது அழிந்துவிடும். விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்திய பிறகு கடவுச்சொல் தட்டுங்கள். சாதாரண நிரல் எதனாலும் அந்த மூன்று விசைக் கூட்டை இடைமறிக்க முடியாது.

முந்தையவரின் மின்னஞ்சல் திறந்தே கிடந்தால் படிக்காமல் மூடி, லாக் அவுட் செய்யுங்கள். விளையாட்டுக்காக ஒரு செய்தி அனுப்பினாலும் அது அனுமதியில்லாமல் ஒருவர் கணக்கைப் பயன்படுத்தியதுதான். பல நாடுகளின் சட்டத்தில் அது குற்றம். கதவு திறந்திருந்தது என்பது பதிலாகாது.

5. எல்லோருக்கும் ஒரே லாகின் இருக்கும் ஆய்வகம்

‘ஸ்டூடன்ட்’ என்று ஒரே கணக்கை எல்லோருக்கும் கொடுக்கும் ஆய்வகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே நீங்கள் யார் என்பதற்குக் கணினியில் சாட்சியே இல்லை. இருக்கும் ஒரே சாட்சி வாசலில் உள்ள பதிவேடு.

நுழையும் நேரம், கணினி எண், கையெழுத்து ஆகியவற்றை எழுதுபவர்கள் வெளியேறும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை அந்தக் கணினியில் நடப்பது உங்கள் பெயரில்தான் சேரும். நண்பருக்காக நீங்கள் கையெழுத்துப் போடுவதும் அதே ஆபத்துதான். இடையில் கணினி மாறினால் புதிய வரியில் எழுதுங்கள், பழைய எண்ணை அடித்துத் திருத்த வேண்டாம்.

6. ப்ரௌசரில் கவனிக்க வேண்டியது

குரோமில் ஒரு மின்னஞ்சலுக்குள் நுழைவது வேறு, ப்ரௌசருக்குள்ளேயே உங்கள் கணக்கை இணைப்பது வேறு. மேல் மூலையில் “ஒத்திசைக்கவா?” என்ற பொருளில் கேட்கும்போது ஆம் என்று அழுத்தினால், வீட்டுக் கணினியில் நீங்கள் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் இந்தக் கணினிக்கும் வந்துவிடக் கூடும். மின்னஞ்சலை மட்டும் மூடிவிட்டுப் போனால் அவை அங்கேயே இருக்கும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

ஆகவே விருந்தினர் முறையிலோ (கெஸ்ட்) மறைநிலைச் சாளரத்திலோ (இன்காக்னிட்டோ) வேலை செய்யுங்கள். மறைநிலைச் சாளரங்கள் எல்லாவற்றையும் மூடினால்தான் லாகின் அழியும். ஒன்று ஓரத்தில் சிறிதாக்கிக் கிடந்தால் போதும், கணக்கு உயிரோடு இருக்கும். தரவிறக்கிய கோப்புகளை மறைநிலை அழிக்காது. டவுன்லோட்ஸ் கோப்புறையை நீங்களே காலி செய்ய வேண்டும்.

7. கோப்புகளைச் சேமிப்பது

டெஸ்க்டாப்பில் சேமிப்பது சேமிப்பு ஆகாது. ஆய்வகங்கள் பலவற்றில் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் ஓடுகிறது. கணினி ரீஸ்டார்ட் ஆனதும் வட்டு பழைய நிலைக்குத் திரும்பும். இடையில் வைத்தது எதுவும் இருக்காது. மின்வெட்டும் ரீஸ்டார்ட்தான்.

வேர்டில் தானியங்கி மீட்பு இருக்கிறதே என்று நம்புகிறார்கள். வழக்கமான அமைப்பில் அது 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடும். அந்த மீட்புக் கோப்பும் அதே வட்டில்தான் இருக்கும். வட்டு பழைய நிலைக்குத் திரும்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும். எனவே புதிய கோப்பைத் திறந்ததும், முதல் வரி எழுதும் முன்பே, நெட்வொர்க் டிரைவிலோ (கல்லூரிச் சர்வரில் உங்களுக்கான இடம்) பென் டிரைவிலோ பெயர் கொடுத்துச் சேமியுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பத்திக்கும் கன்ட்ரோல் எஸ்.

ஒரே நகல் போதாது. நெட்வொர்க் டிரைவில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலிலோ மேகச் சேமிப்பிலோ ஒன்று. மூன்றும் ஒரே நாளில் கெடுவது அரிது.

பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய கோப்பு ஏறவில்லை என்றால், அது ஃபேட்32 முறையில் இருக்கிறதா பாருங்கள். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கோப்புகளோடு வேலை செய்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், ஆனால் மாற்றும்போது உள்ளே உள்ளதெல்லாம் அழியும்.

பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் ஒன்றையும் கிளிக் செய்யாதீர்கள். வைரஸ் உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, தன்னை ஓடவைக்கும் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கும். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. வடிவமைத்து அழிக்கும் அவசரம் வேண்டாம். கணினி எண்ணோடு உதவியாளரிடம் தெரிவியுங்கள். தெரிந்தும் சொல்லாமல் அடுத்த கணினியில் செருகுவது பொறுப்பின்மை.

8. நிரல் எழுதும் மாணவர்களுக்கு

லினக்ஸ் ஆய்வகத்தில் உங்கள் ஹோம் கோப்புறையை (உங்கள் கணக்குக்கான சொந்தக் கோப்புறை) மற்றவர்கள் படிக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்துதான் புதிய ஹோம் கோப்புறைகள் மற்றவர்களுக்கு மூடியபடி உருவாக்கப்படுகின்றன. அதற்கு முந்தைய பதிப்பு ஓடும் இடங்களில் யார் வேண்டுமானாலும் உள்ளே எட்டிப் பார்க்கலாம். ‘சிஎச்மாட் 700’ என்று அனுமதியை மாற்றினால் உங்களுக்கு மட்டும் திறக்கும்.

இதைச் செய்யாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் உங்கள் அசைன்மென்ட்டை எடுத்துத் தன் பெயரில் கொடுத்துவிடலாம். ஒரே மாதிரி இரண்டு நிரல் வந்தால் ஆசிரியர் இருவரையும் கூப்பிடுவார். யார் முதலில் எழுதினார்கள் என்று காட்ட உங்களிடம் தேதியோடு கூடிய பல பதிப்புகள் இருக்க வேண்டும். கிட் (கோப்பின் ஒவ்வொரு பதிப்பையும் தேதியோடு பதிந்து வைக்கும் மென்பொருள்) வைத்து அரைமணிக்கு ஒருமுறை கமிட் செய்து, அதாவது அப்போதைய நிலையைப் பதிந்து, இணையத்தில் உள்ள தனிப்பட்ட களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுங்கள். முழு வேலையையும் ஒரே கமிட்டாகப் போட்டால் அது எதையும் நிரூபிக்காது.

கிட் பயன்படுத்துவோர் பொதுக் கணக்கில் பெயரையும் மின்னஞ்சலையும் ‘குளோபல்’ என்று அமைக்கக் கூடாது. அடுத்தவர் செய்யும் கமிட்டெல்லாம் உங்கள் பெயரில் விழும். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் அமைப்பு அந்தக் களஞ்சியத்தோடு நின்றுவிடும். விண்டோஸில் கிட்ஹப் (கிட் களஞ்சியங்களை வைக்கும் தளம்) டோக்கனை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலான குறியீட்டை, ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ சேமித்து வைத்திருக்கும். கிளம்பும் முன் கன்ட்ரோல் பேனலில் அதைத் திறந்து, அந்தப் பதிவை நீக்குங்கள்.

பொதுச் சர்வரில் நீண்ட நேரம் ஓடும் வேலையை ‘நைஸ்’ கட்டளையோடு ஓடவிடுங்கள். முன்னுரிமை குறைவதால் மற்றவர்களின் வேலை நிற்காது. புதிய செயல்களை (ப்ராசஸ்) நிரலே பிறப்பிக்கும் பயிற்சியைச் செய்யும்போது ‘யூலிமிட்’ கட்டளை மூலம் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். சுழற்சியில் ஒரு நிபந்தனை தவறினாலும் சர்வர் மூச்சுத் திணறி, மொத்த வகுப்பும் நின்றுவிடும். வேண்டுமென்றே செய்யவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும் கணக்கு முடங்கும்.

9. யார் என்ன பார்க்க முடியும்

வேயான் போன்ற வகுப்பறை மென்பொருளால் ஆசிரியர் தன் இடத்திலிருந்தே எல்லாத் திரைகளையும் பார்க்கலாம், பூட்டலாம், இயக்கவும் செய்யலாம். கற்பிக்க இது உதவுகிறது. ஆனால் கண்காணிப்பு இருக்கிறது, என்ன பதிவாகிறது, எத்தனை நாள் வைக்கப்படுகிறது என்பது மாணவருக்குச் சொல்லப்பட வேண்டும். விதிமுறையில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

மறைநிலைச் சாளரம் நெட்வொர்க் நிர்வாகியிடமிருந்து எதையும் மறைக்காது. பாதுகாப்பான தளங்களில் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அவருக்குத் தெரியும், பக்கத்தில் உள்ளது பொதுவாகத் தெரியாது. கல்லூரி தன் டிஜிட்டல் சான்றிதழை (ஒரு தளம் நம்பகமானது என்று ப்ரௌசருக்குக் காட்டும் கோப்பு) அந்தக் கணினியில் நிறுவியிருந்தால் உள்ளே இருப்பதையும் பார்க்க முடியும். முகவரிப் பட்டியில் உள்ள தள விவரத்தைத் திறந்து, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். எல்லாத் தளங்களுக்கும் கல்லூரியின் பெயரோ ஒரு பாதுகாப்புக் கருவியின் பெயரோ வந்தால், இணையப் போக்குவரத்து பிரித்துப் பார்க்கப்படுகிறது என்று பொருள். அங்கே வங்கிக் கணக்கையோ மருத்துவ விவரங்களையோ திறக்காதீர்கள். தப்பிக்க விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வசதி) போடுவது பல விதிமுறைகளில் நேரடி மீறல்.

10. மென்பொருளும் தளத் தடைகளும்

பாடத்துக்குத் தேவையான தளம் தடுக்கப்பட்டிருந்தால் முகவரி, பாடப் பெயர், காரணம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். “நெட் வேலை செய்யவில்லை” என்று சொன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

உரிமம் இல்லாத மென்பொருளை நிறுவாதீர்கள், ஆய்வக மென்பொருளை நகலெடுத்து வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். கல்லூரி வாங்கிய உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினிகளுக்கு மட்டுமே. வீட்டில் பயிற்சி வேண்டுமென்றால் அந்த மென்பொருளுக்கு மாணவர் உரிமம் உண்டா என்று கேளுங்கள். பலவற்றுக்கு உண்டு, கேட்காததால்தான் கிடைப்பதில்லை.

11. மாற்றுத்திறனாளி மாணவர்கள்

2006ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆவது பிரிவு, கல்வியில் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. ஆய்வகத்தில் இது யாரும் காட்டும் சலுகை அல்ல.

சில வசதிகள் எந்த விண்டோஸ் கணினியிலும் உடனே கிடைக்கும். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் உருப்பெருக்கி வரும். ஷிப்டை ஐந்து முறை தட்டினால், ஒரு கையால் விசைக் கூட்டுகளை அழுத்தும் வசதி வரும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் நிரல்) நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம், ஆனால் அந்நிய நிரல்களைத் தடுக்கும் ஆய்வகத்தில் அது திறக்காது. தேர்வன்று கண்டுபிடித்தால் பயனில்லை. பருவம் தொடங்கும் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு, ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். மேசை உயரம், சக்கர நாற்காலி நுழையும் இடைவெளி ஆகியவற்றையும் அதே கடிதத்தில் சேருங்கள்.

12. பிரிண்ட்

பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகே அனுப்புங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் அறிக்கை வேறு கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். தாள் வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். பிரிண்டர் சரியானதும் அத்தனையும் வெளியே வரும், உங்கள் ஒதுக்கீட்டிலிருந்து கழியும். வரிசையில் நிற்கும் வேலையை முதலில் ரத்து செய்யுங்கள்.

13. கிளம்பும்போது, இதே வரிசையில்

மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே தொடங்குங்கள். முதலில் கோப்பைச் சேமித்து மூடுங்கள். பிறகு பென் டிரைவில் ஏறிய நகலை ஒருமுறை திறந்து பாருங்கள். பாதி எழுதிய கோப்பும் பெயரளவில் அங்கே தெரியும், திறந்தால்தான் உண்மை தெரியும். அடுத்து முறைப்படி ‘இஜெக்ட்’ கொடுத்துப் பென் டிரைவைக் கழற்றுங்கள்.

பிறகு ஒவ்வொரு தளத்திலும் லாக் அவுட். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அதையும். மறந்துவிட்டால் கைப்பேசியில் இணைத்த சாதனங்கள் பகுதிக்குப் போய் நீக்கலாம். அதன்பின் டவுன்லோட்ஸ், குப்பைத்தொட்டி இரண்டையும் காலி செய்யுங்கள்.

கடைசியில் கணினியின் கணக்கிலிருந்து லாக் அவுட். பூட்டுவது லாக் அவுட் ஆகாது. பூட்டிய கணக்கு பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்தவருக்கும் இடம் கிடைக்காது. லாகின் திரை வரும்வரை நின்று பாருங்கள். “இந்த நிரல் மூடவில்லை” என்று கணினி பாதியில் நின்றுகொண்டிருக்கும், நீங்கள் போயிருப்பீர்கள். அதன் பிறகு பதிவேட்டில் வெளியேறும் நேரம்.

14. புகார் செய்வதும் புகாருக்குப் பதில் சொல்வதும்

புகாருக்கு நான்கு விவரம் போதும்: தேதியும் நேரமும், கணினி எண், செய்துகொண்டிருந்த வேலை, திரையில் வந்த பிழைச் செய்தி அப்படியே. விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்றும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

உங்கள் கணக்கை வேறு யாரோ பயன்படுத்தியதாகத் தோன்றினால் முதலில் வேறொரு கணினியில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், உடனே தகவல் கொடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் கோப்புகளை அழிப்பவர்கள் தங்களைக் காப்பாற்றும் ஆதாரத்தைத்தான் அழிக்கிறார்கள்.

உங்கள் மேல் குற்றச்சாட்டு வந்தால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். என்ன குற்றச்சாட்டு, எந்தக் கணினி, எந்த நேரம், என்ன பதிவு என்பதை எழுத்தில் கேளுங்கள். அதை உங்கள் வகுப்பு நேரத்தோடும் பதிவேட்டில் எழுதிய வெளியேறும் நேரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். லினக்ஸில் ‘லாஸ்ட்’ என்ற கட்டளை, எந்தக் கணக்கு எப்போது திறந்து எப்போது மூடியது என்று காட்டும். அதன் நகலைத் தரச் சொல்லிக் கேளுங்கள். விசாரணை முடியும்வரை கணக்கு முடக்கப்பட்டால், அந்தக் காலத்தில் சமர்ப்பிக்க வேண்டிய பயிற்சிகளுக்கு மாற்று நேரம் வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். தனியாகக் கேட்டால் அது தவணை கேட்பதாகத் தோன்றும், தேதியும் தாண்டியிருக்கும்.